புகையிலைக் கடை முற்றத்தில் சுங்கான் கூடல்: வன்னியில் நடத்துவது எப்படி

பத்துப் பேர் சேர்ந்து சுங்கான், அதாவது பைப், புகைக்கும் ஒரு பின்னேரத்தைக் கெடுப்பவை இரண்டுதான்: காற்றும் ஈரமும். புகையிலை எவ்வளவு உயர்ந்ததாக இருக்கட்டும், சுங்கான் எந்த நாட்டில் செய்ததாக இருக்கட்டும், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் வெளியில் இருந்துகொண்டு ஈரப் புகையிலையை இழுத்தால் நாக்கு வெந்துதான் வீடு போகவேண்டும். அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இந்த இரண்டையும் பற்றியது. தேநீர், கதை, போட்டி எல்லாம் அதற்குப் பிறகு.

சட்டத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. அடைத்த பொது இடத்தில் புகைக்கக் கூடாது. கடையின் உட்பக்கமும் அதில் அடங்கும். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. விளம்பரம், அனுசரணை, இலவச விநியோகம் மூன்றும் தடை.

கூடல் நடத்துபவருக்கு இதன் பொருள் என்ன? கடைக்குள்ளே வேண்டாம், பின்வளவில்தான். வாசலில் பதாகை கட்ட வேண்டாம். கடைப் பெயரைப் போட்டு முகநூலில் அழைக்கவும் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும். "ஆளுக்கு ஒரு பிடி, சும்மா போட்டுப் பாருங்கோ" என்று முதலாளி அன்போடு நீட்டினாலும் வாங்கக் கூடாது. அவரவர் புகையிலை அவரவர் காசில். "தம்பி, ஓடிப்போய் ஒரு கட்டுச் சுருட்டு வாங்கியா" என்று பொடியனை அனுப்பும் பழைய பழக்கம் இன்னும் ஊரில் இருக்கிறது. பிடிபட்டால் வழக்கு கடைக்காரர் மேல்தான் விழும். 2016இல் வந்த ஒழுங்குவிதிகள் வாசனையும் இனிப்பும் சேர்த்த சிகரெட்டுகளைத் தடை செய்தன. ஆகவே வாசனைச் சுங்கான் புகையிலையை விற்பனைக்கு அடுக்க நினைக்கும் முதலாளி முதலில் தன் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. வெளிநாட்டில் இருந்து வரும் உறவினர் ஒன்றிரண்டு ரின் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் சுங்கத்துக்குச் சொல்லியே கொண்டுவரட்டும்.

உடம்பைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் வைத்து விடுவதுதான் முறை. அதற்காக ஆபத்து இல்லையென்று ஆகாது. வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய்க்கு அது வழிதான். வெற்றிலையோடு புகையிலையும் போடுபவருக்கு இன்னும் கூட. வாய்க்குள் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். புகைக்காதவரைப் புதிதாகத் தொடங்கவைக்கும் இடமாக இந்தக் கூடலை ஆக்க வேண்டாம்.

எந்த மாதம், எந்த நேரம்

வன்னியில் ஐப்பசியில் தொடங்கும் மழை மார்கழி கடந்தும் நிற்கும். வாடைக் காற்றும் அதோடு வரும். நெருப்புக்குச்சி பதத்துப்போகும், புகையிலை ஈரத்தை உறிஞ்சும். தையில் காலபோக நெல் அறுவடை என்பதால் எவருக்கும் நேரம் இருக்காது. வைகாசி பிறந்ததும் சோளகம் எழும்பி ஆவணி வரை புழுதியை வாரி அடிக்கும். எஞ்சுவது மாசி நடுவில் இருந்து பங்குனி முடியும் வரையான காலம். நெல்லும் வீடு வந்திருக்கும், கையில் காசும் இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். அதைத் தவறவிட்டால் புரட்டாசியில், சோளகம் ஓய்ந்து மழை தொடங்குமுன் இரண்டு மூன்று நல்ல வாரம் கிடைக்கும். சித்திரையில் பின்னேர இடிமழை நாளைக் குழப்பிவிடும்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலையும் ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவையும் ஒட்டிய நாட்களை விடுங்கள். அந்தக் கிழமைகளில் முதலாளிக்கு வியாபாரம் இருக்கும், நீங்கள் இடைஞ்சலாக இருப்பீர்கள். மே 31 உலக புகையிலை எதிர்ப்பு நாள்; அன்றைக்குப் போய் இப்படி ஒன்றை வைப்பது வேண்டுமென்றே வம்பு வாங்குவது.

பின்னேரம் 3.30க்கு இடத்தை ஒழுங்குபடுத்தி, 4 மணிக்கு ஆட்கள் வந்து, 6 மணிக்கு முடிப்பது சரியான அளவு. இருட்டினால் நுளம்பு வரும், நுளம்புச் சுருளைக் கொளுத்தினால் அதன் மணம் எல்லாப் புகையிலையையும் விழுங்கிவிடும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் மோட்டார் சைக்கிளில் திரும்பவேண்டியவர்களுக்கு யானைப் பயமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்தோ கொழும்பில் இருந்தோ வருபவர்கள் ரயிலில் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி எங்கும் இறங்கலாம். ஏ9 றோட்டுக்குக் கிட்டவுள்ள கடையைப் பிடித்தால் ஓட்டோச் செலவும் மிச்சம்.

இடத்தைப் பிடித்தல்

கிடுகுக் கொட்டிலுக்குக் கீழே ஒருபோதும் வேண்டாம். காய்ந்த கிடுகில் ஒரு பொறி விழுந்தால் வாளித் தண்ணீரோடு ஓடும் நேரத்துக்குள் கூரை போய்விடும். சருகு கிடக்கும் பாலைமர நிழலும் அப்படித்தான். கூட்டி, தண்ணீர் தெளித்த பிறகுதான் கதிரை போடலாம்.

கட்டடத்தின் கிழக்குப் பக்கம் எப்போதும் முதல் தேர்வு. பின்னேர வெயிலுக்கு நிழல் கிடைக்கும், தென்மேற்கில் இருந்து வரும் காற்றையும் சுவர் தடுக்கும். காற்று இன்னும் நுழைந்தால் காற்று வரும் பக்கத்தில், கதிரைகளில் இருந்து இரண்டு மீற்றர் தள்ளி, ஐந்தடி உயரத்துக்கு ஒரு தறப்பாள் கட்டுங்கள். மேல்பக்கம் திறந்தே இருக்கவேண்டும்.

பிறகு ஒரு சோதனை. கதிரையில் இருந்தபடி, வாய் மட்டத்தில், கையால் மறைக்காமல் ஒரு நெருப்புக்குச்சியைப் பிடியுங்கள். சுவாலை நிமிர்ந்து நின்று 10 விநாடி எரிந்தால் இடம் நல்லது. படுத்துக்கொண்டு எரிந்தால் தறப்பாளை நகர்த்துங்கள். அணைந்துவிட்டால் வேறு இடம் பாருங்கள். காற்று ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்றால், சுங்கானின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கிறது. நீங்கள் இழுக்காமல் வைத்திருந்தாலும் காற்று ஊதி ஊதித் தணலை வளர்த்துவிடும். தணல் சூடேறினால் புகையும் சூடு, புகையிலை எரியும் அறையின் சுவரும் சூடு. மரச் சுங்கான் கருகி ஓட்டை விழுவது பெரும்பாலும் இப்படி வெளியில் காற்றில் புகைத்துத்தான்.

கதிரைகளைப் பிறை வடிவில் போடுங்கள். சுருட்டுக்காரர் கட்டாயம் வருவார்கள், கடையில் வழக்கமாக இருக்கும் ஐயாமார். வரவேண்டாம் என்று சொல்வது மரியாதையும் அல்ல. காற்றுப் போகும் பக்கத்து முனையில் நல்ல சாய்மனைக் கதிரையாகப் பார்த்து அவர்களை இருத்துங்கள். கோடா என்ற பதப்படுத்தும் பாணி போட்ட சுருட்டு ஒன்று காற்று வரும் பக்கம் எரிந்தால் மற்ற ஒன்பது பேருக்கும் தங்கள் புகையிலை என்ன மணம் என்றே தெரியாது.

பத்துப் பேருக்குத் தேவையானவை

ஆளுக்கு இரண்டு தரம் நிரப்ப, தரத்துக்கு 3 கிராம் என்றால் 60 கிராம் புகையிலை. 50 கிராம் ரின் ஒன்றும் இன்னொன்றில் கொஞ்சமும். நெருப்புப்பெட்டி ஐந்து, புதிதாக உடைத்தவை. மழைக்காலப் பழைய பெட்டியில் பாதி உரசாது. பெற்றோல் லைட்டர் வேண்டாம், அதன் மணம் முதல் பத்து இழுப்பிலும் நிற்கும். காஸ் லைட்டர் பரவாயில்லை. மணல் நிரப்பிய வாளி ஒன்று, தண்ணீர் வாளி ஒன்று, சாம்பல் தட்ட மூடியுள்ள தகரப் பேணி மூன்று. நகைக்கடையில் பாவிப்பது போன்ற சிறிய மின் தராசு, 0.01 கிராம் வரை காட்டுவது. வெள்ளைப் பீங்கான் தட்டுகள். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றர். இஞ்சிப் பிளேன்ரீ, பனங்கட்டி, வடை.

வடையைக் கடைசியில் கொடுக்க வைத்திருக்காதீர்கள், தொடங்க முன் கொடுங்கள். வெறும் வயிற்றில் சுங்கான் பிடித்தால் தலை சுற்றும், வேர்க்கும், குமட்டும். அப்படி ஒருவருக்கு வந்தால் சுங்கானை வாங்கிக் கீழே வைத்து, நிழலில் இருத்தி, பனங்கட்டியும் தேநீரும் கொடுங்கள். அரை மணித்தியாலத்தில் சரியாகும். நெஞ்சு நோ அல்லது மயக்கம் என்றால் அது வேறு கதை, உடனே ஆஸ்பத்திரி.

சுங்கானுக்குள் புகையிலையை அழுத்தும் அமுக்கி ஆளுக்கு ஒன்று. கடையில் தேடி அலைய வேண்டியதில்லை: நாலு அங்குல ஆணியின் தலையை அரத்தால் தேய்த்து மட்டமாக்கி, முனையை மழுக்கினால் அருமையான அமுக்கி. சுங்கானின் துளையைத் துடைக்கப் பஞ்சுக்கம்பி, அதாவது நடுவில் மெல்லிய கம்பியும் சுற்றிவரப் பருத்தியும் உள்ளது, ஆளுக்கு மூன்று. பள்ளிக்கூடக் கைவேலைக்கு விற்கும் பளபளப்பான வண்ணக் கம்பி அதற்கு உதவாது. அது செயற்கை நூல், ஈரம் உறிஞ்சாது, மயிர் உதிரும். கிடைக்காவிட்டால் நன்றாகக் கழுவிக் காயவைத்த கோழிச் சிறகு இறகு நல்லது, அந்தக் காலத்தில் அதுதான் பாவித்தார்கள். ஈர்க்கில் பஞ்சு சுற்றிச் செருகுவது மட்டும் வேண்டாம். உள்ளே முறிந்தால் எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

சுங்கான் தேர்வு

வாங்குவதற்கு முதல் பாகங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். புகையிலை எரியும் இடம் அறை, அது குடைந்த கட்டை தலை, அதில் இருந்து நீளும் மரப்பகுதி காம்பு, காம்புக்குள் செருகும் கறுப்புப் பகுதி வாய்க்குழல். அறை 19, 20 மில்லிமீற்றர் அகலமும் 35 முதல் 40 மில்லிமீற்றர் ஆழமும் இருந்தால் 3 கிராம் தாராளமாகக் கொள்ளும். உள்ளே எட்டிப் பாருங்கள்: புகை போகும் துளை அறையின் அடியில் சரியாக வந்து முடியவேண்டும். துளை உயரத்தில் இருந்தால் அதற்குக் கீழே புகையிலை எரியாமல் ஈரக் களியாகத் தேங்கும். வாய்க்குழலைக் கழற்றாமல் ஒரு பஞ்சுக்கம்பி வாயில் இருந்து அறை வரை தடையின்றிப் போகிறதா என்பதையும் பாருங்கள். இந்த இரண்டும் சரியென்றால் மிச்சமெல்லாம் அழகு.

நல்ல மரச் சுங்கான்கள் பிரையர் என்ற மத்தியதரைக் கடற்கரைப் பற்றையின் வேர்க்கணுவில் செய்யப்படுகின்றன. அது தீயைத் தாங்கும், ஈரத்தை உறிஞ்சும். கணுவைப் பல மணித்தியாலம் அவித்து, மாதக்கணக்கில் காயவைத்த பிறகே குடைவார்கள். முதன்முதல் வாங்குபவருக்கு அதைவிட மலிவானது சோளப்பொத்திச் சுங்கான். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், வாஷிங்டன் என்ற சிறிய ஊரில் 1869 முதல் செய்கிறார்கள். எங்கள் தோட்டத்துச் சோளன் பொத்தியில் செய்து பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அங்கே அதற்கென்றே தடித்த பொத்தி வரும் இனத்தைப் பயிரிட்டு நீண்டகாலம் காயவைக்கிறார்கள்; நம்முடைய மெல்லிய பொத்தி இரண்டு தரத்தில் எரிந்து துளைக்கும். முதிரையில் கடைந்து தரச் சொல்லி மரவேலைக்காரரிடம் போகவும் வேண்டாம். முதிரைத் தூள் தோலில் பட்டாலே சிலருக்குச் சொறி வரும். அந்தக் கட்டையை வாயருகே எரிப்பது புத்தியல்ல.

ஒருவர் சுங்கானை இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது. ருசி பார்க்க விரும்பினால் புகையிலையை மாற்றிக்கொள்ளுங்கள், சுங்கானை அல்ல. கசநோய் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை.

புகையிலை

வேர்ஜீனியா என்பது சூடான காற்றில் உலர்த்திய, சீனி கூடிய இலை. இனிப்பாக இருக்கும், வேகமாக இழுத்தால் நாக்கைச் சுடும். பேர்லி நிழலில் காற்றில் உலர்த்தியது, சீனி குறைவு, பருப்பு வாசம், கொஞ்சம் கடுமை. லற்றாக்கியா விறகுப் புகையில் பதமிட்டது; சிறிதளவு கலந்தாலே போதும். கவெண்டிஷ் என்பது அவித்து அழுத்தி இனிப்பாக்கியது, வாசனைப் புகையிலைகளில் பெரும்பாலும் இதுதான். ரின்னில் தகடு தகடாக அடுக்கி வருவதையும் காண்பீர்கள். அதை உள்ளங்கையில் தேய்த்து இழையாக்கிக்கொள்ளவேண்டும். சுங்கானுக்குப் புதியவர் நிறைந்த கூடலுக்குப் பேர்லியை அடிப்படையாகக் கொண்ட, வாசனை குறைந்த கலவை பொருத்தம்.

கடையில் தொங்கும் யாழ்ப்பாணப் புகையிலையைச் சுங்கானில் போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். தனியே போடாதீர்கள். அது ஒருகாலத்தில் திருவிதாங்கூர் வரை கப்பலில் போன சரக்கு. வெற்றிலைக்கும் சுருட்டுக்கும் என்றே கடுமையாக வளர்த்துப் பதமிடப்படுவது. ஆசையென்றால் கோடா படாத காய்ந்த இலையாகப் பார்த்து, நடுநரம்பை உருவிவிட்டு, மயிரிழையாக நறுக்கி, ஒன்பது பங்கு பேர்லிக்கு ஒரு பங்கு கலவுங்கள். 3 கிராமில் 0.3 கிராம். இரண்டு நாள் மூடிய போத்தலில் இருந்தால் மணம் ஒன்றாகும். பத்தில் இரண்டு பங்குக்கு மேல் போனால் விக்கல் பிடிக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கடைக்காரர் பலர் கவனிப்பதில்லை: புகையிலை வண்டு. 2, 3 மில்லிமீற்றர் நீளம், செம்பழுப்பு நிறம். உள்ளூர் இலைக் கட்டில் முட்டையிட்டு, அருகில் திறந்து வைத்த ரின்னுக்கும் வந்துவிடும். இலையில் ஊசி குத்தினாற்போல் துளையும் அடியில் மெல்லிய தூளும் கண்டால் அதுதான். ஆகவே சுங்கான் புகையிலையை உடைத்த அன்றே இறப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் போத்தலில் அடைத்து, இலைக் கட்டுகள் இல்லாத வேறு அறையில் வையுங்கள். சந்தேகம் என்றால் காற்றுப் புகாத பையில் கட்டி ஆழ்குளிரூட்டியில், கழித்தல் 18 பாகையில், ஐந்து நாள். பிறகு ஒரு நாள் சாதாரணக் குளிர்ப்பெட்டியில். அதன் பிறகே வெளியே. நேரே வெளியே எடுத்தால் வேர்த்து நனைந்துவிடும். தகரக் கூரைக்குக் கீழுள்ள மேல்தட்டு, மண்ணெண்ணெய்ப் பீப்பா, சாம்பிராணி, கருவாட்டு மூட்டை இவற்றின் அருகும் கூடாது. முல்லைத்தீவுக் கடைகளில் கருவாடும் புகையிலையும் ஒரே தட்டில் இருப்பதைப் பார்க்கலாம். வெற்றிலைக்காரருக்குத் தெரியாது, சுங்கான்காரருக்கு முதல் இழுப்பிலேயே தெரியும்.

ஈரத்தைச் சரிசெய்தல்

ரின்னில் இருந்து வரும் புகையிலை பெரும்பாலும் அளவுக்கு மீறி ஈரமாக இருக்கும். புகைக்க ஏற்றது 12 முதல் 14 சதவீத ஈரம். கையால் பார்ப்பது இப்படி: ஒரு சிட்டிகையை நெருக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டையாக ஒட்டி நின்றால் ஈரம். நொருங்கித் தூளானால் வறட்சி. மெதுவாக அவிழ்ந்து விரிந்தால் பதம்.

தராசு இருந்தால் ஊகமே வேண்டாம். 20 சதவீத ஈரமுள்ள 3 கிராமில் 0.6 கிராம் தண்ணீர், அது 2.8 கிராமுக்கு இறங்கும்போது ஈரம் ஏறக்குறைய 14 சதவீதமாகிவிடும். ஆகவே ரின்னில் இருந்து எடுத்த 3 கிராமைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 2.8 காட்டும் வரை விடுங்கள். பங்குனியில் நிழலில் 20 நிமிடம் போதும். மார்கழியில் இரண்டு மணித்தியாலம் விட்டாலும் இறங்காது. அப்போது சுடுதண்ணீர்ப் பானையின் மூடிமேல் காய்ந்த தட்டை வைத்து அதில் பரப்புங்கள். வெயிலில் நேரே வைத்தால் மேல்பக்கம் முறுகிப்போய் அடியில் ஈரம் நிற்கும். போத்தலில் கிடந்து காய்ந்துபோனதற்குக் கொதித்தாறிய தண்ணீரை இரண்டு விசிறல் விசிறி மூடி, ஒரு நாள் விட்டு எடுங்கள். அப்பிள் துண்டோ வெற்றிலையோ உள்ளே போடும் வேலை பூஞ்சணத்தில் முடியும். வெள்ளையாகப் பஞ்சு போல் படிந்து மக்கல் மணம் வந்தால் முழுப் போத்தலையும் கொட்டிவிடுங்கள், மேலே வழித்துவிட்டுப் பாவிக்க முடியாது.

நிரப்புதல், பற்றவைத்தல், இழுத்தல்

மூன்று தடவையாக நிரப்புங்கள். முதலாவது: அறை நிறையப் புகையிலையைத் தூவி, தலையில் இரண்டு தட்டுத் தட்டி, பாதி அளவுக்கு மட்டும் மிக மெதுவாக அமுக்குங்கள். இரண்டாவது: மறுபடி விளிம்பு வரை தூவி, கொஞ்சம் கூட அழுத்தி, முக்கால் அளவுக்கு. மூன்றாவது: குவித்து நிரப்பி, விளிம்புக்குக் கீழே 3 மில்லிமீற்றர் வரும்வரை நன்றாக அமுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் வாய்க்குழலை இழுத்துப் பாருங்கள். தடிப்பான குழலால் இளநீர் உறிஞ்சுவது போன்ற மெல்லிய தடை இருக்கவேண்டும். தடையே இல்லையென்றால் தளர்ச்சி. எரிந்து அணைந்துகொண்டே இருக்கும். கன்னம் உள்ளே ஒட்டினால் இறுக்கம். குத்திக் கிளறிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

நெருப்புக்குச்சியை உரசி, மருந்து எரிந்து தீர இரண்டு விநாடி விடுங்கள். சுவாலையை விளிம்பில் படாமல் புகையிலை மேல் வட்டமாகச் சுற்றியபடி சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள். இது பொய்த் தீ. மேல் இழைகள் சுருண்டு எழும்பிக் கருகும். அணையவிட்டு, அமுக்கியின் பாரம் மட்டும் படும்படி மட்டமாக்குங்கள். பிறகு இரண்டாவது குச்சி. இப்போது மேல்பரப்பு முழுவதும் ஒரே சீராகச் சிவக்கவேண்டும்.

பற்றியபின் 20, 30 விநாடிக்கு ஒரு இழுப்பு. சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் இங்கேதான் தோற்பார்கள்: அணைந்துவிடுமோ என்ற பயத்தில் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அணையட்டும். மறுபடி பற்றவைப்பது குற்றமல்ல. தலையின் பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாத சூடென்றால் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கதையுங்கள். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் சுற்றுபவர்கள் கை வேலையில் இருக்க, ஒருவர் உரத்துப் பத்திரிகை வாசிக்கும் வழக்கம் இருந்தது. கூடலில் அதைத் தொடருங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டால் இழுப்பின் வேகம் தானாகவே குறையும். வாதம் சூடுபிடித்தால் சுங்கானும் சூடுபிடிக்கும். தேர்தல் கதை நடக்கும்போது எத்தனை பேருக்கு நாக்கு வேகிறது என்று கவனியுங்கள்.

பிழைக்கும்போது

களகளவென்று சத்தம் வந்தால் காம்புக்குள் நீர் தேங்கிவிட்டது. புகையின் நீராவி குளிர்ந்து வந்ததுதான் பெரும்பங்கு, எச்சிலும் சேர்ந்திருக்கலாம். வாய்க்குழலைக் கழற்றாமல் பஞ்சுக்கம்பியை அறை வரை செலுத்தி 10 விநாடி விட்டு இழுங்கள். மூன்றாவது தடவையும் சத்தம் வந்தால் புகையிலை ஈரம், அடுத்த தரத்துக்குக் காயவையுங்கள்.

சூடாக இருக்கும்போது வாய்க்குழலைக் கழற்றவே கூடாது. மரம் விரிந்து, உள்முனை இளகியிருக்கும். திருகினால் முறியும், இல்லாவிட்டால் பிறகு என்றைக்கும் தளர்ந்தே இருக்கும். கூடலில் உடையும் சுங்கான்களில் அதிகம் இப்படித்தான் உடைகின்றன. பக்கத்தில் இருப்பவர் "காட்டுங்கோ பாப்பம்" என்று வாங்கிச் சட்டென்று கழற்றிவிடுவார்.

நாக்கு எரிந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் எரிந்து இறங்கினால் எரியாத பக்கத்தை மெதுவாக அமுக்கி அங்கே சுவாலை காட்டுங்கள். தலையின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் சுட்டு நிறம் மாறினால் உடனே கொட்டுங்கள்; உட்சுவர் கருகுகிறது.

போட்டி வைக்க விரும்பினால்

சர்வதேசச் சுங்கான் கழகங்களின் மெதுபுகைப் போட்டி விதி எளிது: எல்லோருக்கும் ஒரே புகையிலை 3 கிராம், நிரப்ப 5 நிமிடம், பற்றவைக்க இரண்டு குச்சியும் 1 நிமிடமும். அதன்பின் தீ கிடையாது. கடைசி வரை அணையாமல் வைத்திருப்பவர் வென்றவர். தேர்ந்தவர்கள் 3 மணித்தியாலத்தையும் தாண்டியிருக்கிறார்கள். புதியவர் 30, 40 நிமிடம் நின்றாலே நல்லது. வன்னியில் காற்று எல்லாக் கதிரைக்கும் ஒரே மாதிரி வராது என்பதால் இருக்கைக்குச் சீட்டுக் குலுக்குங்கள். சந்தேகம் வந்தால் நடுவர் கேட்கும்போது ஒரு வாய்ப் புகை காட்டவேண்டும். பரிசாகப் புகையிலை வேண்டாம், கம்பனிக்காரர் தருவதும் வேண்டாம். எல்லோரும் காசு போட்டு வாங்கிய ஒரு போத்தல் காட்டுத் தேன் போதும். அதற்காக ஆட்கள் உண்மையாகவே போட்டியிடுவார்கள்.

முடிந்தபின்

அடியில் மிஞ்சும் ஈரத் துணுக்கை எரித்து முடிக்கப் பார்க்க வேண்டாம். தகரப் பேணியில் தட்டி, தண்ணீர் ஊற்றி, மூடுங்கள். சுங்கானைச் சுவரிலோ சப்பாத்து அடியிலோ அடிக்காதீர்கள், காம்பு வெடிக்கும். உள்ளங்கையில் தட்டினால் போதும். சாம்பல் அணைந்ததென்று நம்பிக் குப்பைக் குழியில் போடக் கூடாது; தணல் ஒரு மணித்தியாலம் வரை உயிரோடு இருக்கும்.

சூடாக இருக்கும்போதே ஒரு பஞ்சுக்கம்பி உள்ளே விட்டு எடுங்கள். ஆறியபின் வாய்க்குழலைத் திருகியபடி கழற்றித் துடைத்து, தலை கீழாக இல்லாமல் சாய்த்து வைத்து, குறைந்தது ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். இரண்டு சுங்கான் வைத்திருப்பவர் மாறி மாறிப் பாவிக்கலாம். அறைச் சுவரில் படியும் கரி 1 மில்லிமீற்றர் வரை நல்லது, மரத்தைக் காக்கும். அதற்கு மேல் தடித்தால் சூட்டில் மரத்தைவிட வேகமாக விரிந்து தலையைப் பிளக்கும். மழுங்கிய கத்தியால் மெதுவாகச் சுரண்டுங்கள்.

பழைய புகையிலை மணம் போகாமல் நின்றால் அறையில் பஞ்சை நிரப்பி, நிறமில்லாத வொட்காவைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு இரவு வையுங்கள். காலையில் பஞ்சு மண்ணிறமாக இருக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் வேறு சரக்குகள் கலந்திருப்பதால் அது வேண்டாம். கடல்நுரைக்கல் என்ற மெதுவான வெள்ளைக் கல்லில் செய்த சுங்கானுக்கு இந்த வேலையே வேண்டாம். வொட்கா போட்ட சுங்கான் இரண்டு நாள் காய்ந்து, மூக்கில் மதுவின் வாடை முற்றாக நின்றபிறகே அடுத்த தடவை நிரப்பவேண்டும்.